அந்தோணி சேரின் பைக்குக்கு இரண்டு மாடிச் சீட்

அந்தோணி சேரின் பைக்கை நான் முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு சின்ன லொறியின் பின்னால் கயிறு கட்டிப் படுத்திருந்தது. சேர் டிரைவருக்குப் பக்கத்தில் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி உட்கார்ந்திருந்தார். இறங்கி நிமிர்ந்தவருக்கு எங்கள் கராஜின் தகரக் கூரை தலையில் தட்டியது. நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அது வேறு அடி.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த அந்தக் கராஜில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. முன்பக்கம் ராஜு முதலாளி பைக் ரிப்பேர் செய்வார். பின்பக்கம் நான் சீட் தைப்பேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தையல் வகுப்பில் பாவாடை சட்டை தைக்கப் படித்தவள் நான். சீட் தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். துணியில் தையல் பிழையானால் பிரித்து மறுபடி தைக்கலாம். ரெக்சினில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான். அது முதல் நாளே விளங்கிவிட்டது. அதனால் ஊசியை எடுப்பதற்கு முன்னால் நிறைய யோசிக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், உயரமான ஆளுக்கு பைக்கை எப்படிச் சரிசெய்வது என்று என்னிடம் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1. ரேஸ் ஆன வண்டி

சேர் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். அவருடைய மனைவி ஸ்டெல்லா டீச்சருக்கு அதே வீதியில் இன்னும் மேலே, வேறொரு தோட்ட டிவிஷனில் பாடசாலை. தினமும் காலையில் சேர் டீச்சரை அங்கே இறக்கிவிட்டுத் தன் பாடசாலைக்குத் திரும்பி வருவார். அவர் உயரத்துக்கு அந்தப் பைக் விளையாட்டுச் சாமான் மாதிரி. வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் முழங்காலில் இடிக்கும். காலை அகட்டி வைத்து ஓட்டி ஓட்டி இடுப்பு வலி வந்துவிட்டது. யாரோ ஒருவரிடம் சொல்லி ஹேண்டிலை உயர்த்தியிருக்கிறார்.

“ஒசத்தினது நல்லாத்தாங்க இருந்திச்சு,” என்றார் சேர். “பதுளைக்கு வர்ற வழியில ஒரு பெரிய வளைவு. ஹேண்டில முழுசாத் திருப்புறேன், வண்டி தன்னால ரேஸ் ஆவுது. நான் முறுக்கவே இல்ல. நேரா தேயிலைக்குள்ள தண்ணி ஓடுற கானுக்குள்ள போயிட்டோம்.”

“பின்னால யாரு சேர்?” என்று முதலாளி கேட்டார்.

“டீச்சர்தான். கணுக்கால் ஒடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில இருக்கா.”

முதலாளி பைக்கை நிமிர்த்தி, ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார். எஞ்சின் கத்தியது. நேராக்கினார். அடங்கியது. ஹேண்டிலை உயர்த்தியவர் எக்ஸிலேட்டர் கேபிளை மாற்றவில்லை. கேபிள் நீளம் போதாமல், திருப்பும்போதெல்லாம் அதுவே இழுபட்டிருக்கிறது.

பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஹேண்டிலில் கை வைத்தால் கேபிள், கிளட்ச், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட ஓட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

2. பஞ்சு

முதலாளி நீளமான கேபிள் போட்டார். ஹேண்டில் உயர்ந்தும் முழங்கால் முழுசாக விலகவில்லை. அதனால் ஃபுட்ரெஸ்ட்டைக் கொஞ்சம் கீழேயும் பின்னுக்கும் தள்ளி வெல்டிங் வைத்தார். இன்னும் இறக்கச் சொன்னார் சேர். முதலாளி மறுத்துவிட்டார். “நம்ம ரோட்டுல வண்டி சாய்ஞ்சுதான் போவும் சேர். ரொம்ப எறக்குனா ஃபுட்ரெஸ்ட் தார்ல ஒரசும். மிச்சத்த கலா சீட்டுல பாத்துக்கும்.”

நான் சீட்டைப் பிரித்துப் பழைய பஞ்சை எடுத்தேன். கையால் அமுக்கும்போது மெத்தை மாதிரி இருக்கிற பஞ்சு லுணுகலை போய்ச் சேர்வதற்குள் தட்டையாகிவிடும். அதனால் அடியில் கெட்டிப் பஞ்சு, மேலே மெல்லிய பஞ்சு என்று ஒட்டி, சீட் முழுவதையும் ஒரே மட்டமாக உயர்த்தினேன். சேர் ஏறி உட்கார்ந்தார். முழங்காலுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே என் கை தாராளமாகப் போனது.

“பைக் வாங்கினதிலேர்ந்து இன்னிக்குத்தான் மனுசன் மாதிரி ஒக்காந்திருக்கேன்,” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாதத்தில் நான் தைத்த சீட்களில் அதுதான் அழகான சீட்.

3. “பழையபடி எறக்கிக் குடுங்க”

டீச்சரின் கால் கட்டுப் பிரித்த பிறகு சேர் மறுபடி வந்தார். வந்தவர் சீட்டைத் தட்டிக்காட்டி, “இத பழையபடி எறக்கிக் குடுங்க கலா,” என்றார்.

“ஏன் சேர், வலிக்குதா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. அவளால ஏற முடியல.”

டீச்சர் குள்ளம். சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவார். முன்பு நின்ற இடத்திலிருந்தே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாராம். இப்போது சீட் அவர் இடுப்புக்கு மேலே நிற்கிறது. உடைந்த காலில் எம்பவும் முடியவில்லை.

“எறக்கினா ஒங்க முழங்கால் மறுபடி இடிக்குமே சேர்.”

“இடிச்சா இடிச்சிட்டுப் போவுது. அவ வேலைய விட்டுர்றேன்னு சொல்றா. பஸ் சந்தியோட நின்னுரும். அங்கிருந்து ஸ்கூலுக்கு ஏத்தம். இந்தக் காலோட ஏற முடியாது. லீவும் முடியப் போவுது.” சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். “மொதலாம் வகுப்புப் பிள்ளைங்க. இவள விட்டா அந்த ஸ்கூலுக்கு யாரும் வர மாட்டாங்க.”

முதலாளி ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. சேரைத் திரும்பவும் மடக்கி உட்கார வைத்தால், முழங்கால் ஹேண்டிலைத் தடுத்து அந்த வளைவில் மறுபடியும் விழுவார். டீச்சரையும் சேர்த்துத்தான் விழுவார்.

“டீச்சர ஒரு நாளைக்கி இங்க கூட்டிட்டு வாங்க சேர்,” என்றேன்.

“பைக்கப் பாத்தாலே மொகத்தத் திருப்பிக்கிறா.”

“பைக்ல வர வேணாம். பஸ்ல வரட்டும்.”

4. டீச்சர்

இரண்டு நாள் கழித்துக் கைத்தடியோடு டீச்சர் வந்தார். வாசலில் போட்டிருந்த பெஞ்சில், பைக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். தோட்டத்துப் பெயரைக் கேட்டார். சொன்னேன். அங்கே தன் சின்னம்மா வீடு இருந்ததாகச் சொன்னார். அப்படியே பேச்சு நீண்டது. பிறகுதான் கேட்டேன்.

“சீட் ஒசரம்தான் பயமா டீச்சர்?”

“ஒசரம் கஷ்டம். பயம் அது இல்ல.” டீயைக் கீழே வைத்தார். “பின்னால இருக்கிறவளுக்குப் பிடிக்க என்ன இருக்கு? இவரு சட்டைதான். அன்னிக்கி விழுறப்ப அந்தச் சட்டை கிழிஞ்சு என் கையோட வந்திருச்சு. கானுக்குள்ள கெடக்குறேன், கையில துணி மட்டும் இருக்கு. இவரு எங்க இருக்காருன்னு தெரியல.”

சேர் அப்பால் திரும்பி நின்றார். அவருக்கும் அது புதிய செய்தி போலத் தெரிந்தது.

முதலாளி வந்து, “டீச்சர், ஒங்க முன்னால ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?” என்று கேட்டார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். முதலாளி எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பினார், வலது கோடிக்குத் திருப்பினார். சத்தம் மாறவில்லை. “இன்னொருக்கா,” என்றார் டீச்சர். இன்னொருக்காவும் மாறவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார்.

நான் தைத்த அழகான சீட்டை நானே பிரித்தேன். முன்பாதியைத் தொடவில்லை. பின்பாதிப் பஞ்சை ஹாக்சோ பிளேடால் அறுத்து அறுத்து இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் டீச்சரை உட்காரச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம்,” என்பார். மறுபடி அறுப்பேன். கடைசியில் அவர் எம்பாமல், அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். கால் வைக்க முதலாளி பக்கவாட்டில் அகலமான பலகை மாதிரி ஒரு தகடு அடித்தார். சீட்டின் ஓரத்தில் இரும்புக் குழாயை வளைத்து ஒரு கைப்பிடி வெல்டிங் வைத்தார். டீச்சர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முழுப் பலத்தோடு இழுத்தார். வண்டிதான் அசைந்தது.

அதற்குப் பிறகுதான் ரெக்சினை வெட்டினேன். முன்னால் மேடு, பின்னால் பள்ளம். பார்த்த முதலாளி, “இது ரெண்டு மாடிச் சீட்டு,” என்றார்.

சாயங்காலம் சேர் பைக்கை வெளியே எடுத்தார். டீச்சர் ஏறினார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. மெதுவாகக் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நானும் முதலாளியும் வீதியோரத்தில் நின்றோம். வேறு யாருக்கும் அப்படி நின்றதில்லை.

“எப்படி டீச்சர்?”

“இவரு முதுகுதான் தெரியுது. ரோடு தெரியல.”

“முன்னயும் ஒனக்கு அதுதானே தெரிஞ்சிச்சு,” என்றார் சேர்.

“முன்ன குனிஞ்சு ஓட்டுவீங்க. தோளுக்கு மேல கொஞ்சம் தெரியும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சேரும் சிரித்தார். டீச்சர் அன்று பஸ்ஸில் போகவில்லை.

லீவு முடிந்த திங்கட்கிழமை டீச்சர் பாடசாலைக்குப் போனார். பென்ஷன் எடுக்கும்வரை அதே பாடசாலையில்தான் இருந்தார். சர்வீசுக்கு வரும்போதெல்லாம் தோட்டத்துக் கொய்யாவோ அவகாடோவோ ஒரு பை நிறைய எனக்கு வரும்.

ஒரு தடவை கல்யாண வீடொன்றுக்காக லுணுகலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே அந்தப் பைக் வந்தது. சேர் நாற்காலியில் இருப்பவர் போல நேராக உட்கார்ந்து ஓட்டினார். டீச்சரின் ஒரு கை கைப்பிடியில் சும்மா கிடந்தது. மற்றக் கையை ஆட்டி ஆட்டி அவரிடம் ஏதோ நியாயம் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் ஹோர்ன் அடித்ததைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தச் சண்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து, சீட்டை உயர்த்தித் தரச் சொல்லி யார் வந்தாலும் நான் முதலில் அவர் காலை அளப்பதில்லை. “பின்னால யாரு ஒக்காருறது?” என்றுதான் கேட்பேன். ஆள் இருந்தால் அவரையும் கூட்டிவரச் சொல்வேன். இரண்டு பேரும் ஏறி இறங்கிக் காட்டிய பிறகே ரெக்சினில் கத்தரி வைப்பேன்.