மதுரையிலிருந்து துபாய்க்கு இரண்டரை மணி நேரம்

பனியில் ஈரமேறிய சிமென்ட் தரையில் விளக்குமாறு உரசும் சத்தம் கேட்டால் இன்றும் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். மலைமேல் செண்பகனூரில் எங்கள் வீட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும், அவர்கள் ஊர் போய் இறங்கும்வரை அம்மா 'வெளக்குமாத்த' தொடமாட்டாள். "அதுக்குள்ள கூட்டுனா, போனவங்களையே கூட்டித் தள்ளுன மாதிரி" என்பாள். வத்தலக்குண்டுக்கு இரண்டு மணி நேரம், மதுரைக்கு நாலு மணி நேரம் என்று பஸ் கணக்கெல்லாம் அவளுக்கு மனப்பாடம்; விமானக் கணக்குதான் தெரியாது.

லாட்ஜில் சமையல்காரராக இருந்த அப்பாவுக்குத் துபாயில் ஓர் ஓட்டலில் வேலை கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் முதல் ஆள் என்ற 'கெத்து' வேறு. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மதுரையில் புறப்படுவது பகல் பன்னிரண்டு, துபாயில் இறங்குவது இரண்டரை. "ரெண்டரை மணி நேரம்மா" என்று யோசிக்காமல் சொன்னேன். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டரை, மதுரை பஸ்ஸைவிட வெரசாக விமானம் தாண்டிவிடுகிறதே என்று அம்மா அசந்துபோனாள்.

மறுநாள் வெள்ளனே அப்பா கிளம்பினார். பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டுகளும் அவர் கசக்கிப் போட்ட காகிதங்களும் கிடந்தபடியே கிடக்க, நானும் அம்மாவும் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தோம். கடிகாரம் இரண்டரை காட்டியதும், "அப்பா எறங்கியாச்சும்மா" என்று கத்தினேன். அம்மா வாசல்வரை சுத்தமாகக் கூட்டித் தள்ளினாள்.

நாலு மணிக்கு மேல் அப்பாவின் போன் வந்தது. "இப்பத்தான் எறங்குனேன். இங்க ரெண்டரைதான் ஆகுது. நம்ம ஊரவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடியாம்." போனை வைத்துவிட்டு அம்மா மூலையில் சாய்ந்திருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். நாங்கள் கூட்டியபோது அப்பா கடலுக்கு மேலேதான் இருந்திருக்கிறார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

எட்டு மாதம் கழித்து, ஓட்டல் அடுப்படியில் மயங்கி விழுந்து இறந்த அப்பா, அதே நாலு மணி நேர விமான வழியில் பெட்டிக்குள் திரும்பி வந்தார். ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டார்கள். அன்று யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. "நாந்தான் அவசரப்பட்டுக் கூட்டிப்புட்டேன்" என்று அம்மா துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். கணக்குச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

வளர்ந்ததும் நானும் வேலைக்காக அதே வழியில்தான் பறக்கத் தொடங்கினேன். விமானம் எந்த இடத்தில் போகிறது என்பது போனிலேயே தெரிந்தது. அப்படியும் நான் இறங்கி, "இனி கூட்டும்மா" என்று சொன்ன பிறகுதான் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். தப்பு என்னுடையது என்று அந்தப் போனில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிப்போட்டேன். போன வருஷம் அவளும் இறந்துபோனாள்.

காரியம் முடிந்து நான் வீட்டைப் பூட்டிய அன்று, தரையில் உதிர்ந்து கிடந்த மாலைப் பூக்களைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். துபாயில் இறங்கியதும் பழக்கத்தில் போனை எடுத்தேன். அம்மாவின் எண்ணுக்கு அடிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வீடு இன்னும் கூட்டாமல் கிடக்கிறது.