லோகாவின் பாட்டில் நான் வெட்டிய ஆறு துண்டுகள்

போன வாரம் குன்னூர் மலை ஏறும் வழியில் பர்லியாரில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே ரோட்டில் மரம் விழுந்துகிடக்கிறதாம். பொழுது போகாமல் டிரைவர் தன் போனில் பாட்டுப் போட்டார். இரண்டாவது வரி முடிந்ததும் என் மூச்சு தானாக நின்றது. பாட்டு நிற்காமல் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "ஏனுங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?" என்றார். பழைய பாவமுங்க என்றா சொல்ல முடியும்? காது அடைக்குதுங்க என்றேன்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்தவன் நான்தான். அப்போது குன்னூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்பதெல்லாம் பெருமைக்கு. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் தேயிலைச் சாக்கு அடித்திருப்போம். இன்றைக்கும் புதுத் தேயிலைப் பொட்டலம் பிரித்தால் எனக்கு மைக்தான் ஞாபகம் வரும். டேப்பை ஓடவிடுவது, பிளேடால் வெட்டி ஒட்டுவது, முதலாளிக்கு வடை வாங்கி வருவது, இவ்வளவும் என் வேலை. தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

லோகா பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தாள். பதினாறு வயது. சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். அவள் மாமா பாயில் சுருட்டிக் கொண்டுவந்த கிதார் அவள் தோளில் தொங்கியது. டிரம் அடிக்க மாமன் மகன். பாட்டு அவளே கட்டியது. அடேயப்பா, என்ன குரல்! சாக்கையெல்லாம் மீறிக் கண்ணாடி அதிர்ந்தது.

ஒரே ஒரு விநோதம். இரண்டு வரிக்கொரு தரம் கிதார், டிரம், குரல் எல்லாம் ஒரு மூச்சு நேரம் நின்றன. பாட்டு முழுக்க ஆறு தடவை. இரண்டு பேர் வாயும் மூடியிருக்க, என் மிஷினில் சத்தத்தைக் காட்டும் முள் மட்டும் லேசாக எழுந்து படுத்தது. ஆறு தடவையும்.

"ஏம்மா, வரி மறந்துபோச்சா?"

"இல்லண்ணே. அது அம்மாவோட முறை."

அவள் சொன்னது இதுதான்: தேயிலைத் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்துச் செடி நிரையில் நிற்பவளே தெரியமாட்டாள். அதனால் மேல் நிரையிலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொருத்தியாக 'ஓய்' என்று குரல் கொடுக்கவேண்டும். முன்னால் இருப்பவள் குரல் கொடுக்காமல் அடுத்தவள் வாய் திறக்கக் கூடாது. குரல் வரவில்லையென்றால் கூடையை இறக்கிவிட்டுத் தேடப் போவார்கள். ஒருத்தி செத்துப்போனாலும் அவள் முறையை மூடமாட்டார்களாம். ஒரு மூச்சு இடம் விட்டுத்தான் அடுத்தவள் குரல் கொடுப்பாள். பள்ளிக்கூட லீவில் கொழுந்தெடுக்கப் போகும் லோகாவுக்கு முன் நிரை அவள் அம்மா. முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மாவின் குரல் வரவில்லை. தேடிப் போனபோது கூடை மட்டும் பாதையில் நிமிர்ந்து நின்றதாம். அம்மா ஓடையில் கிடந்தாள்.

"இடம் விட்டா அம்மா குரல் குடுக்கும்ணே. அதுக்குப் பொறகுதான் எனக்குப் பாட ஏலும்" என்றாள். ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் போனதும் முதலாளி டேப்பைக் கேட்டார். "ஏனுங்க தம்பி, நடுவால கரண்டு போன மாதிரி நின்னா எவன் கேப்பான்? வெட்டிப் போடுங்க."

வெட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் போடுமுன் ஒன்றை மட்டும் ஓட்டிக் கேட்டேன். பட்டப்பகல், கீழே மளிகைக் கடைச் சத்தம். காதுக்குள், எங்கோ சரிவிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: ஓய். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். மற்ற ஐந்தையும் கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

கேசட் பிய்த்துக்கொண்டு போனது. டீக்கடை, கல்யாண வீடு, காலேஜ் விழா, எங்கும் லோகாதான். கோயமுத்தூர், மெட்ராஸ், பெங்களூர் என்று மேடை ஏறினாள். போஸ்டரில் பளபளக்கும் ஜாக்கெட்டோடு கிதாரைத் தூக்கி நின்றாள். ஊர்ப் பெண்பிள்ளைகள் அவளைப்போல முடியைக் கத்தரித்துக்கொண்டு வீட்டில் அடி வாங்கினார்கள். ஒருதரம் ஸ்டுடியோவுக்கு வந்தபோது சொன்னாள்: "கீழ வெயில் ஊருங்கள்ள நான் இடம் விட்டாலும் சனம் விடாம பாடிருதுண்ணே. அம்மாவுக்கும் அங்க வழி தெரியாது. ஊட்டிக் கச்சேரி வரட்டும், அம்மா குரல் கேக்கும்."

ஊட்டி சீசன் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். மத்தியானமே மூட்டம் இறங்கிவிட்டது. இரண்டு வரி பாடி நிறுத்தினாள். கூட்டம் நிறுத்தவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது என் கேசட் பாட்டுதானே! ஆயிரம் தொண்டைகள் அந்த இடத்தின் மேல் ஏறி மூன்றாவது வரிக்குப் போய்விட்டன. "கொஞ்சம் சும்மா இருங்க, அம்மா முறை" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். விசில் அடித்தார்கள். மறுபடி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கிதாரைக் கீழே வைத்துவிட்டு மூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் மாடிப்படி ஏறி வந்தாள். "வெட்டினதெல்லாம் எங்கண்ணே வச்சீங்க?"

"அப்பவே தூக்கிப் போட்டாச்சும்மா."

டின் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் கேட்டதை அவளும் கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று கோழைப் பயல் எனக்குப் பயம். அணைத்துவைத்திருந்த மிஷினில் முள் எழுந்து படுத்தது. அவள் பார்த்தாளா, தெரியாது. வெறுமனே தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன்பின் அவள் பாடவில்லை. பந்தலூரில் தையல் கடை வைத்திருக்கிறாளாம், பேச்சே குறைவாம். ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. டேப் மிஷின் காயலான் கடைக்குப் போய்விட்டது. தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷின் இரைகிறது, மூட்டத்தில் யாரும் குரல் கொடுப்பதில்லை.

பர்லியாரிலிருந்து வீடு வந்ததும் டின்னைத் திறந்தேன். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தொட்டதும் டேப்பின் பழுப்புப் பூச்சு தூளாக விரலில் வந்தது. அப்படியே மூடிவிட்டேன். லோகா பாட்டை விட்டுவிட்டாள் என்று ஊர் சொல்கிறது. அவள் விடவில்லை. தன் முறைக்குக் காத்திருக்கிறாள். முன் நிரையில் இருப்பவள் இத்தனை வருஷமாக என் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறாள்.