தைலு சுட்ட சிப்ஸ்

தைலு போய்விட்டாள்...

காலையில் அவள் கடைசி மகன் குமார் போன் செய்தான். "அத்தே... அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க அத்தே." நாளைக் காலையில் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. எனக்கே தொண்ணூறு நெருங்குகிறது. ஒரு விரலால் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஜா பெராங் பகுதியில் எங்கள் பலகை வீட்டுக்கு அடுத்த வீடு தைலம்மாவுடையது. என்னை அவள் மட்டும்தான் பாரு என்று கூப்பிடுவாள். காலையில் சண்டை போட்டால் மதியம் சமாதானம்... இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, வேறு வழி?

அவள் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்கார துரைக்கு டிரைவர். ஐம்பத்தேழில் எங்கள் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று துரை குடும்பம் மூட்டை கட்டியபோது, துரையம்மா ஒரு தகர ஓவனை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கரி அடுப்பின் மேல் வைக்கிற பெட்டி. மூடி மேலும் தணல் போடலாம். என்ன செய்வதென்று தெரியாமல் தைலு அதில் துணி மடித்து வைத்திருந்தாள்!

அப்போதுதான் அவள் மூத்த மகள் செல்விக்கு மஞ்சள் காமாலை. ஆறு வயசு. எண்ணெயில் பொரித்ததைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

அந்தப் பிள்ளையோ கஞ்சியைத் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. அப்பாவோடு துரை வீட்டுக்குப் போனபோது தின்ற உருளைக்கிழங்கு சிப்ஸ். நீளநீளமாக, மொறுமொறுவென்று...

"பொரிக்காம எப்படிடி மொறுமொறுப்பு வரும்?" என்றேன்.

"ஓவன்ல சுட்டா வரும்லா, பாரு."

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வத்தல் போடுவது. கிழங்கை நறுக்கி, உப்புப் போட்டு அவித்து, முறத்தில் வெயிலில் காயவைத்து, அப்புறம் ஓவனில் வைத்தோம். வந்தது சிப்ஸ் இல்லை... விறகு. செல்வி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "அம்மா, பல்லு போயிரும்மா" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தைலு விடவில்லை. பாசாருக்கு ஓடி மறுபடி கிழங்கு வாங்கி வந்தாள். நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்தாள். பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒத்தினாள். விரலில் எண்ணெயைத் தொட்டுத் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பினாள். கீழே தணல், மேலே தணல். பாதியில் திருப்பிப் போட்டாள்.

கடித்தால் சத்தம் கேட்டது!

செல்வி வாய் நிறையத் தின்றாள். "இன்னும் ஒண்ணும்மா" என்று கையை நீட்டினாள்.

தைலுவுக்குப் பயம். "போதும்டி கண்ணு. டாக்டர் ஏசுவாரு. நாளைக்குத் தரேன்" என்று தட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் பிள்ளைக்கு நினைவு தப்பிவிட்டது. அப்புறம் கண் விழிக்கவே இல்லை.

சுதந்திர நாள் அன்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனது. நாங்கள் இருவரும் போகவில்லை. அவள் அடுப்பை மூட்டி, தட்டுத் தட்டாகச் சுட்டு, கொடியோடு திரும்பி வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கேட்டவர்களுக்குக் கேட்ட மட்டும்.

பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். கேஸ் ஓவன், கரண்ட் ஓவன் எல்லாம் வந்த பிறகும். ஆனால் அவள் ஒரு துண்டு வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. உப்புப் பார்க்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். "சரியா தெரியலடி" என்று வேண்டுமென்றே இன்னும் நாலு தின்பேன். முறைப்பாள்.

போன மாதம் பார்க்கப் போனேன். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று குமார் சொல்லியிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு... அன்னிக்கு இன்னொண்ணு குடுத்திருந்தா என்னடி ஆயிருக்கும்?"

இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்றும் ஆகியிருக்காது என்றால் அவளுக்கு இன்னும் வலிக்கும். ஆகியிருக்கும் என்றால் பொய்... தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். இப்போதும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன்.

போயிட்டு வாடி தைலு. அவ கை நீட்டுனா குடுத்துரு. யாரையும் கேக்காத.