பதினைந்தாம் பெட்டியின் வாசல்

ஜூன் பிறந்தால் எங்கள் அக்தோல்கின் நிலையத்துக்கு நடைமேடை போதாது. குளிர்காலத்தில் எட்டுப் பெட்டியோடு சத்தமில்லாமல் வந்து போகிற தலைநகர் வண்டி, கோடையில் பதினேழு பெட்டியை இழுத்துக்கொண்டு வரும். எல்லாம் கடலில் குளிக்க வருகிற கூட்டம். நடைமேடையில் பன்னிரண்டு பெட்டிதான் அடங்கும். மீதி ஐந்தும் புல்வெளிப் பக்கம் ஜல்லி மேல் நிற்கும். அவற்றில் கடைசி மூன்று அல்மாத்தியிலிருந்து வேறொரு வண்டியோடு வந்து, நடுவழிச் சந்திப்பில் இந்த வண்டியின் வாலில் மாட்டிக்கொள்பவை. கோடைக்கு மட்டும் ஓடுகிற பெட்டிகள்.

யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது பல்ஸியா அக்காவின் வேலை. ‘பெட்டிகளின் எண்வரிசை வண்டியின் தலையிலிருந்து’ என்றோ ‘வாலிலிருந்து’ என்றோ சொல்ல வேண்டும் என்பது விதி. நான் போக்குவரத்துக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கே உதவி அதிகாரியாக வந்தவன். ஒட்டகம் மேய்க்கிற எங்கள் கிராமத்தில் முதல் பட்டம் என்னுடையது. விதிப் புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அக்கா அப்படிச் சொல்வதில்லை என்று பார்த்ததும், முதல் வாரமே அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

“அப்படியா பட்டதாரி? அப்ப இன்னிக்கு நீயே சொல்லு,” என்று ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

விதிப்படியே சொன்னேன். இரண்டு நிமிடத்தில் நாற்பது பேர் அறைக் கதவைத் தட்டினார்கள். “தலைன்னா எந்தப் பக்கம் தம்பி? எஞ்சினையே காணோமே!” பல்ஸியா அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார். “ஒன்றாம் பெட்டி கடல் பக்கம். பதினேழாம் பெட்டி புல்வெளிப் பக்கம்.” கூட்டம் தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்துபோனது. பத்தொன்பது கோடைகளாக அவர் குரலை நம்பி ஒருவரும் தப்பான பக்கம் ஓடியதில்லை. அன்றிலிருந்து நானும் கடல் பக்கம், புல்வெளிப் பக்கம்தான்.

வாரத்துக்கு மூன்று தடவை ‘நல்லபடியாகப் போய் வாருங்கள்’ என்று ஊரையே வழியனுப்புகிற இந்த அம்மாள் ஒரு தடவைகூட அல்மாத்தி போனதில்லை. கோடையில் விடுப்புக் கிடையாது. குளிர்காலத்தில் அல்மாத்திக்கு நேராகப் போகிற பெட்டி கிடையாது. கணவர் எண்ணெய்க் கிணற்றில் பதினைந்து நாள், வீட்டில் பதினைந்து நாள். ஒரே மகள் தொக்ஜான் அல்மாத்தியில் தாதிப் படிப்பு. மகளுக்கும் தாய்க்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது பதினைந்தாம் பெட்டி. அந்தப் பெட்டியின் பணிப்பெண் அக்ஜார்கின்.

இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எங்களில் ஒரே வயதுக்காரர்களைக் குர்தாஸ் என்போம். குர்தாஸ் ஒருவரை ஒருவர் எதைச் சொல்லியும் கேலி செய்யலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவர் தோற்றவர். அதனால் பல்ஸியா அக்கா கோபித்ததே இல்லை. உள்ளே வெந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பத்து நாளைக்கு ஒருமுறை மகளுக்குப் பொட்டலம் போகும். காய்ந்த மீன், உப்புத் தயிர் உருண்டை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பௌர்சாக். அக்ஜார்கின் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, வண்டி திரும்புவதற்கு முன் ஒரு பகல் முழுவதும் தொக்ஜானோடு இருந்துவிட்டு வருவாள். வந்ததும் பெட்டி வாசலிலேயே ஆரம்பிப்பாள்.

“உன் பொண்ணு முடிய வெட்டிக்கிட்டா, தெரியுமாடி?”

“தெரியும். என்னைக் கேட்டுத்தான் வெட்டினா.”

“ஓ! அப்ப எவ்வளவு வெட்டினான்னு சொல்லு பார்ப்போம்.”

பல்ஸியா அக்கா தோளுக்கு மேலே ஓர் இடத்தைக் கையால் காட்டுவார். அக்ஜார்கின் விழுந்து விழுந்து சிரிப்பாள். “சரி சரி, அவ்வளவேதான். ஒலிபெருக்கி வச்சிருக்கிற ஆளுக்குத் தெரியாதது உண்டா?”

அறைக்குத் திரும்பியதும் அக்கா என்னிடம் பொரிவார். “போன வாரம் என் புள்ள அவகூட உட்கார்ந்து நூடுல்ஸ் தின்னுச்சாம். எங்கிட்ட போன்ல ‘நல்லா இருக்கேம்மா, வச்சிடட்டுமா’ங்குது. பௌர்சாக் நான் பொரிக்கிறேன். அவ கையால தின்னுது.”

“கொண்டுபோய்க் குடுக்கிறாங்களேக்கா.”

“கழுதைகூடத்தான் சுமை கொண்டுபோகும். கழுதைகிட்ட யாரும் மனசு விட்டுப் பேசறதில்ல.”

ஜூலை நடுவில் ஒருநாள் வண்டி நிற்பதற்கு முன்பே அக்ஜார்கின் பதினைந்தாம் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினாள்: “சூயின்ஷி! பல்ஸியா, சூயின்ஷி!”

நல்ல செய்தி கொண்டு வருகிறவர் அப்படித்தான் கத்துவார். செய்தியைக் கேட்கும் முன்பே எதையாவது கொடுத்தாக வேண்டும். இல்லையென்று சொல்வது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. பல்ஸியா அக்கா ஜல்லி மேல் இறங்கிப் போய், தோளில் போட்டிருந்த புதுப் பட்டுத்துணியை உருவிக் கொடுத்தார். நடைமேடையே வேடிக்கை பார்த்தது.

“தொக்ஜானுக்குத் தோடு போட்டாச்சு!”

தோடு போடுவது என்றால் பெண்ணைப் பேசி முடிப்பது. மாப்பிள்ளையின் தாய் வந்து, பெண்ணின் தாய் முன்னிலையில், பெண்ணின் காதில் தோடு போடுவாள்.

“யாரு போட்டா? எப்போ? என்னைக் கேக்காமயா?”

“புள்ள உனக்கு மூணு தடவை போன் பண்ணிச்சுடி. நீ எடுக்கல. மாப்பிள்ளையோட அம்மா ஊருக்குக் கிளம்பி நிக்கிறாங்க. பொண்ணு பக்கம் பெரியவங்க யாருன்னு கேட்டாங்க. நான் இருந்தேன். சரின்னேன். உங்கம்மாகிட்ட நானே நேர்ல சொல்றேன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன். நல்ல குடும்பம். பையன் பல் டாக்டருக்குப் படிக்கிறான்.”

ஒலிபெருக்கி அறையில் தொலைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. மேசை இழுப்பறையில் பூட்டித்தான் வைக்க வேண்டும். விதி. அந்த விதியை ஞாபகப்படுத்தி அவர் தொலைபேசியை வாங்கிப் பூட்டியவன் நான். இதை எழுதும்போதுகூட எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பல்ஸியா அக்கா சிரித்தார். குர்தாஸ் முன்னால் சிரிக்காமல் இருக்க முடியாதே. அறைக்கு வந்து அடுத்த வண்டிக்கான அறிவிப்பை ஒரு பிசிறும் இல்லாமல் சொல்லி முடித்தார். பிறகு ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, “என் இடத்துல நின்னிருக்கா,” என்றார். “நான் பெத்த காதுல தோடு ஏறும்போது என் இடத்துல அவ நின்னிருக்கா. அதுக்கு என் துணியையும் வாங்கிக்கிட்டுப் போறா பாரு.”

ஆகஸ்டில் மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி சம்பந்தம் பேச வருவதாக ஏற்பாடு. தொக்ஜானுக்கு மருத்துவமனைப் பயிற்சி, வர முடியாது. வருகிறவர்கள் மாப்பிள்ளையின் தாய், தகப்பன், தாய்மாமன், அத்தை. எந்தப் பெட்டியில் இடம் கிடைத்தது தெரியுமா? பதினைந்தில்.

“மூணு பகல், ரெண்டு ராத்திரி,” என்று அக்கா விரல் விட்டு எண்ணினார். “மூணு பகலும் அவ தேநீர் ஊத்துவா. அவ படுக்கை விரிப்பா. அவ வாயி சும்மா இருக்குமா? இங்க வந்து இறங்கும்போது அவதான் சம்பந்தி, நான் ஒலிபெருக்கி.”

“நீங்கதான்க்கா அம்மா. அதை யாரு மாத்த முடியும்?”

“பட்டதாரி, உனக்குப் புத்தகம் தெரியும். பொம்பளைங்களைத் தெரியாது. வாசல்ல மொதல்ல யாரு மூஞ்சி தெரியுதோ அதுதான் கண்ணுல நிக்கும். கதவு தொறக்கும்போது நான் நிக்கணும். வரவேற்க அவங்க தலையில நான் மிட்டாய் வீசணும். அதுக்கப்புறம் என்ன வேணா நடக்கட்டும்.”

அந்த நாளும் வந்தது. வெள்ளிப் பொத்தான் வைத்த அரக்கு அங்கி, குதிகால் உயர்ந்த செருப்பு, தட்டு நிறைய மிட்டாயும் பௌர்சாக்கும். வீட்டில் கணவர் ஆட்டை அறுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அக்கா அன்று ஒரு நாள் மட்டும் விடுப்புக் கேட்டு வாங்கியிருந்தார், ஆனாலும் வருகை அறிவிப்பைத் தானேதான் சொல்வேன் என்று அறைக்கு வந்துவிட்டார்.

வண்டி வர நாற்பது நிமிடம் இருக்கும்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது. அக்ஜார்கின்.

“தம்பி, உங்க அக்கா என் போனை ரெண்டு தடவை வெட்டிட்டா. நீயாவது கேளு. சந்திப்புல தண்டவாள வேலை நடக்குது. எங்க மூணு பெட்டியையும் வாலுல மாட்டாம தலையில மாட்டிட்டாங்க. நாங்க எஞ்சினுக்கு அடுத்து வர்றோம். கடல் பக்கம். அவளைக் கடல் பக்கம் நிக்கச் சொல்லு.”

அப்படியே போய்ச் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கியது.

“அவ சொன்னாளா?”

“ஆமாக்கா.”

“சந்திப்புலேருந்து பெட்டி வரிசைத் தாள் வந்துச்சா?”

“இன்னும் வரல.”

“தாள் வராம வரிசைய மாத்திச் சொல்லலாம்னு எந்தப் புத்தகத்துல இருக்கு பட்டதாரி?”

எந்தப் புத்தகத்திலும் இல்லை. சந்திப்பைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“பாத்தியா? என்னை அந்தக் கோடிக்கு அனுப்பிட்டு, இந்தக் கோடியில இவ சம்பந்திகளை இறக்கிவிடப் போறா. ‘அம்மாவைக் காணோமே, பரவால்ல, நான் இருக்கேன்’பா. பத்தொன்பது வருஷமா பதினஞ்சு எங்க நிக்குது? புல்வெளிப் பக்கம். அங்கதான் நிக்கும்.”

எனக்குள் ஒரு குரல் அக்ஜார்கின் பொய் சொல்ல மாட்டாள் என்றது. இன்னொரு குரல், தாள் வரவில்லையே என்றது. நான் இரண்டாவதைக் கேட்டேன். படித்தவன் அப்படித்தான் கேட்பான்.

“பதினைந்து, பதினாறு, பதினேழாம் பெட்டிகள் புல்வெளிப் பக்கம்,” என்று அக்கா மணிக்குரலில் அறிவித்தார். அந்த மூன்று பெட்டிக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பூங்கொத்தும் கைவண்டியுமாகப் புல்வெளிப் பக்கம் நடந்தார்கள். அக்கா தட்டை ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் ஜல்லியின் கடைசியில் நின்றார்.

வண்டி வந்தது. எஞ்சின் என்னைத் தாண்டியது. அதற்கு அடுத்த பெட்டியின் சன்னலில் எண்ணைப் பார்த்தேன். பதினேழு. அடுத்து பதினாறு. அடுத்தது பதினைந்து.

வண்டி நின்றது. மற்ற பெட்டிகளின் கதவுகள் எல்லாம் திறந்தன. ஜனம் இறங்கியது. பதினைந்து மட்டும் திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அக்ஜார்கின் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டி முழுக்கக் கூச்சல்.

“கதவைத் தொறங்க!” என்று கீழிருந்து கத்தினேன்.

மேல் சன்னல் இடுக்கு வழியாக அவள் குரல் வந்தது. “சாவி சிக்கிக்கிச்சு தம்பி.”

“சாவி உங்க கையில இருக்கு! வண்டி நின்னா உடனே தொறக்கணும், விதி!”

“உன் விதிய ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்க. அவ வரட்டும்.”

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், இறங்கிய கூட்டத்தைப் பிளந்துகொண்டு பல்ஸியா அக்கா ஓடி வந்தார். செருப்பு ஒரு கையில், தட்டு ஒரு கையில். வழியெல்லாம் மிட்டாய் சிதறியது. பின்னால் குழந்தைகள் பொறுக்கிக்கொண்டே ஓடின. பதினான்கு பெட்டி நீளம். கடைசி ஐந்து பெட்டித் தூரத்தை அவர் நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. ஏதோ ஒன்று செய்தார்.

அவர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டி, மூச்சை இழுத்துவிட்ட பிறகுதான் சாவி திரும்பியது. கதவு திறந்தது. அக்ஜார்கின் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டாள். வாசலில் முதலில் தெரிந்தது மாப்பிள்ளையின் தாய் ரௌஷான். கீழே முதலில் தெரிந்தது பல்ஸியா அக்கா. தட்டில் மிஞ்சியது ஒரு கை மிட்டாய்தான். அதை வீசினார்.

ரௌஷான் இறங்கி அக்காவைக் கட்டிக்கொண்டார். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

“சம்பந்தியம்மா, உங்களுக்கு வாய்ச்ச குர்தாஸ் மாதிரி ஊர்ல யாருக்கும் வாய்க்காது! பெட்டியே கத்துது, திட்டுது, அந்தம்மா அசையல. ‘அம்மா வராம யாரும் இறங்கக் கூடாது’ன்னு ஒரே பிடிவாதம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

பல்ஸியா அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு கோடையாகப் பழக்கம். உதடு மட்டும் விரியும்.

கதவு தாமதமானதற்கு அக்ஜார்கின் மேல் பயணிகள் இரண்டு பேர் புகார் எழுதினார்கள். அறிவிப்புத் தப்பானதற்கு விளக்கம் எழுத வேண்டியவன் நான். எழுதினேன். அக்காவின் பெயரைச் சேர்க்கவில்லை.

வண்டி ஆறு மணிக்குத் திரும்பப் புறப்பட வேண்டும். பெட்டிகளைக் கழுவி, விரிப்பு மாற்றி, வெந்நீர் அடுப்புக்குக் கரி நிரப்பி முடிப்பதற்குள் பணிப்பெண்களுக்கு வெளியே போக நேரம் இருக்காது. விருந்துக்கு அக்ஜார்கின் வரவில்லை. அன்று ஒலிவாங்கி என்னிடம். இந்தத் தடவை எழுந்து போய், பெட்டி எண்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து அறிவித்தேன்.

புறப்பட ஆறேழு நிமிடம் இருக்கும். நடைமேடையில் பல்ஸியா அக்கா வேகமாக வந்துகொண்டிருந்தார். அரக்கு அங்கி, முகத்தில் கொழுப்பு மினுமினுப்பு, கையில் மூடிய தட்டு. நானும் பின்னால் போனேன்.

சம்பந்தம் முடிந்தால் ஆட்டு ஈரலையும் வால் கொழுப்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவார்கள். ஊட்டிய கையை முகத்தில் தடவியும் விடுவார்கள். அது முடிந்தால் பேச்சை யாரும் மாற்ற முடியாது. தட்டில் இருந்தது அதுதான்.

பதினைந்தாம் பெட்டி வாசலில் அக்ஜார்கின் பயணச்சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வரிசையைத் தாண்டிப் போய் அவள் தாடையைப் பிடித்தார்.

“வாயத் தொறடி.”

“என்னடி இது, வேலை நேரத்துல...”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ஒரு கைப்பிடி ஈரலும் கொழுப்பும் வாய்க்குள் போயிருந்தது. எண்ணெய்க் கையை அக்கா அவள் நெற்றியிலிருந்து மோவாய் வரை, சீருடைக் காலர் வரை, நன்றாக அழுத்தித் தடவினார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

“சம்பந்தி வேஷம் அரைகுறையா எதுக்கு? முழுசாவே போட்டுக்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. மொதக் கவளம் ரௌஷான் வாய்க்கு என் கையால போச்சு. நீ ரெண்டாவது.”

அக்ஜார்கின் மென்றாள். கண்ணில் நீர் கோர்த்திருந்தது. அது கொழுப்பாலா, வேறெதனாலா, எனக்குத் தெரியாது. பச்சைக்கொடி காட்டினார்கள். அவள் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்து இரண்டு பெட்டி தூரம் போனபின்தான் விழுங்கி முடித்தாள்.

“உப்பு பத்தலடி!” என்று கத்தினாள்.

வண்டி வளைவில் மறைந்ததும் அக்கா விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார். பத்தடி போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நெஜமாவே பத்தலையா தம்பி?”

விரலால் தட்டை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. பொறாமை பிடிச்சவ.”

நாலடி நடந்தார். மறுபடியும் வழித்து வைத்துப் பார்த்தார்.