கல்யாண வண்டிக்குச் சோதனை இல்லை

தியாகராசன் எல்லைச் சாவடியில் வேலை பார்த்தவர். வருகிற லாரியை ஓரங்கட்டி, தார்ப்பாயை அவிழ்த்து, மூட்டையைக் குத்திப் பார்க்கிற உத்தியோகம். முன்னால் பூ கட்டிய கல்யாண வண்டியை மட்டும் அவர் நிறுத்தியதே இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கும்போது டிக்கியைத் திறக்கச் சொல்வது அழகா என்பார். குறுக்குக் கட்டையைத் தானே தூக்கிவிட்டுக் கையும் காட்டுவார்.

ஓய்வு பெற்றதும் காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். திறந்த வேகத்திலேயே வைரஸ் புகுந்து அத்தனை கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. புதுச்சேரியில் படிக்கும் மகள் பாரதிப்ரியா வந்து, பாதுகாப்புக்கென்றே செய்த வேறொரு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். அதில் எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கும், நாமாகத் திறந்துவிட்டால்தான் எதுவும் உள்ளே வரும் என்று அவள் சொன்னதும் மனுஷர் துள்ளிவிட்டார்.

"அட, இது நம்ம சாவடிம்மா!"

அதோடு விட்டாரா? கட்டளைகளை உட்கார்ந்து கற்றுக்கொண்டு, மகள் போட்ட பூட்டுக்கு மேல் தானும் பூட்டுப் போட்டார். பிரவுசர் இவ்வளவு மெமரிக்கு மேல் தொடக்கூடாது என்று ஓர் அளவு. ஆள் எழுந்து போனால் அவர் பார்த்தது மொத்தமும் அழிந்துவிட வேண்டும் என்று ஒரு கட்டளை. இணைய லைன் நல்ல லைன்தான். பிரவுசர்தான் அரை வயிற்றுக்குச் சாப்பிட்ட ஆள் மாதிரி ஒவ்வொரு பக்கத்துக்கும் மூச்சு வாங்கியது.

"நீங்க ஒரு படம் தொறக்குறதுக்குள்ள நான் கொழம்பு வெச்சு எறக்கிருவேன்" என்று மனைவி விசாலாட்சி கேலி செய்தாள். பொறுமையில்லாத பையன்கள் எதிர்க் கடைக்கு ஓடினார்கள். ஓடட்டுமே! அந்தக் கடையில் ஒரு பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பப் படம் அடுத்து உட்கார்ந்தவன் கண்ணில் பட்டு, தெருவெல்லாம் பேச்சானது. அன்றிலிருந்து வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள் தியாகராசன் கடைக்குத்தான் வந்தார்கள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் பாட்சா மகள் ஜஸீலாவை அழைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அஜ்மீர் ஷார்ஜாவில் இருக்கிறார். பெரியவர்கள் பேசி முடித்தாயிற்று. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் முடிவு கேட்க வருகிறார்கள். பெண் வீட்டார் கையில் இருந்ததோ மீசை முளைக்காத காலத்துப் படம். இப்போதைய முகத்தைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று ஜஸீலா ஒரே பிடியாக நின்றாள். புதுப்படம் அன்று காலையில்தான் மெயிலில் வந்திருந்தது.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். பிறகும் வானம்.

"மாப்புள எங்கண்ணே?" என்றார் காதர் பாட்சா.

"இன்னும் வரலீங்க. ஆகாசந்தான் வருது."

ஒரு பெரிய கட்டடத்தின் உச்சி வந்தது. ஜன்னல் ஜன்னலாக இறங்கியது. ஜஸீலா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வழியாகத் தலைமுடி தெரிந்தது, நெற்றி தெரிந்தது, புருவம் தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது. காதர் பாட்சாவின் செல்போன் அடித்தது.

"அவங்க வந்துட்டாங்களாம். என்னம்மா சொல்லட்டும்?"

"புருவத்தப் பாத்து எப்படி வாப்பா சொல்றது?"

அவள் குரல் உடைந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தன் குறுக்குக் கட்டை மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று தியாகராசன் கூசினார். மெமரி அளவைக் கூட்டலாம். ஆனால் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

"மூடுனா வந்த வரைக்கும் போயிரும்மா. மறுபடி மொதல்லேருந்து வரணும். செய்யட்டுமா?"

ஜஸீலா அந்தப் புருவத்தை ஒரு தரம் பார்த்தாள். "செய்ங்க மாமா."

மூடினார். திரை கறுத்தது. கல்யாண வண்டியையா இத்தனை நேரம் நிறுத்தி வைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அளவைத் தாராளமாக ஏற்றிப் பிரவுசரைத் திறந்தார்.

படம் சரசரவென்று இறங்கியது. வானம், கட்டடம், புருவம், வெட்கச் சிரிப்பு, நெஞ்சோடு பிடித்த ஓர் அட்டை. அதில் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "ஜஸீலா, பிடிக்கலைன்னா தைரியமா சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

தன்னிடமும் ஒருவர் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஜஸீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாப்பா, போன் பண்ணி சம்மதம்னு சொல்லிருங்க."

காதர் பாட்சா தியாகராசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விசாலாட்சி சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள்.

மறுநாள் ஜஸீலா தன் உம்மாவை அழைத்துக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து மாதிரி வேகமா வெச்சுத் தரவாம்மா?"

"வேணாம் மாமா. மெதுவாவே வரட்டும். உம்மா மொதல்ல வானத்தப் பாக்கணும்."

தியாகராசன் சிரித்துக்கொண்டே, புருவத்தோடு நின்றுவிடாதபடி பழைய அளவுக்கு ஒரு துளி மேலே வைத்துக் கொடுத்தார்.