பதினேழாம் இலக்கத்தில் நான் எழுதிய பொய்

அம்மாவின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் நீல மருந்துநீருடன் விட்டுச் சூடாக்கினேன். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை உச்சத்தில் நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு பங்குனி மாதம் அது. தொடர்ந்து நான்காவது நாளாக அதே நிறம். இந்தச் சபைப் பத்திரிகையை வாசிக்கும் விசுவாசக் குடும்பத்தாரே, அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா மலாயாவில் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். ஓய்வுபெற்று இலங்கை திரும்புகிறவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த வீட்டுச் சாமான்களைச் சுங்கத் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்றிருந்தது. சாமான் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பயின்றவள்; எதையும் இலக்கமிட்டு எழுதுவது என் பழக்கம். பதினேழாம் இலக்கம், மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி. மின்சாரமில்லாத ஊரில் அம்மாவின் இன்சுலினைக் காப்பாற்ற, கப்பலேறும் மாதத்தில்தான் அதை வாங்கினோம். "இரண்டு வருடம் பாவித்தது" என்று எழுதினேன். அப்பா கையெழுத்திட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி பெட்டியின் அடியிலிருந்த மண்ணெண்ணெய் விளக்கை வெளியே இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் எரிஞ்ச திரி இவ்வளவு வெள்ளையா இருக்குமா, தங்கச்சி?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. விசாரணை முடியும்வரை எல்லாச் சாமான்களும் அங்கேயே நின்றன. நாங்கள் உடுப்புப் பெட்டிகளுடன் மட்டக்களப்பு வந்து, வாவியைத் தோணியில் கடந்து ஊர் சேர்ந்தோம்.

"சாமான் வாற கப்பல் பிந்திப்போச்சு எண்டு சொல்லு," என்றார் அப்பா. "இல்லாட்டி ஊர் சிரிக்கும்."

அப்படியே சொன்னேன். இன்சுலின் போத்தல்களை ஈர மணல் சட்டிக்குள் புதைத்து வைத்தேன். பங்குனி வெயிலில் அது போதவில்லை, மருந்து பழுதாகிவிட்டது. அம்மாவின் காலில் இருந்த சிறு புண் கறுத்தது. நகரத்து டொக்டர் பெரும்பாடுபட்டு இரண்டு புதுப் போத்தல்கள் எடுத்துத் தந்தார். இவையும் பழுதானால் அடுத்ததற்கு ஒரு மாதமாகும் என்றார்.

"வீட்டில குளிர்ப்பெட்டி இருக்குதானே?"

"ஓம், டொக்டர்."

ஒவ்வொரு காலையும் முழங்காலில் நின்று ஐந்து விண்ணப்பங்களை வரிசையாகச் சொன்னேன். அதிகாரியின் மனம் இளக வேண்டும், பெட்டி ரயிலேற வேண்டும், இப்படியே. ஒன்றும் நடக்கவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபிக்க எழுந்தேன். முதல் விண்ணப்பத்தோடு நிறுத்திவிட்டேன். "ஆண்டவரே, கப்பல் பிந்தவில்லை. நான் பொய் எழுதினேன். அதனால் சாமான்களை மறித்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் மருந்தை வைக்க இடமில்லை," என்று சொல்லி அழுதேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவைப் பார்க்க வந்து வாசலில் நின்ற, வேலிக்கு அப்பால் அடுத்த வளவுச் செல்லம்மா அக்காதான் முதலில் பேசினார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவரல்லர். கணவர் மீன் வியாபாரி.

"இதுக்காகவா இவ்வளவு நாளும் ஒளிச்சிக்கிட்டு இருந்தீங்க? எங்கட மீன்வாடியில தினமும் ஐஸ்கட்டி உமிக்குள்ள கிடக்கு. மீன் மணக்கும். மலாயாப் புள்ளைக்குச் சரிவருமோ என்னமோ!"

"மணக்கட்டும், அக்கா."

"அப்ப அழுகைய விட்டுட்டு வாளிய எடு மனே."

அந்த மீன்வாடி எங்கள் வேலியிலிருந்து நூறு அடிகூட இல்லை.

டொக்டர் தந்த இரண்டு போத்தல்களையும் துணியில் சுற்றித் தகரத்தில் வைத்து, ஐஸ் வாளிக்குள் இறக்கினேன். உறையவும் விடக்கூடாது, வெப்பமானியால் அளந்துகொண்டேயிருந்தேன். டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். ஏழாம் நாள் குழாயில் பச்சை வந்தது; சர்க்கரை இறங்கிவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அப்பா சத்தமிட்டார். ஆனாலும் அம்மாவின் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

சுங்கத்துக்கு நானே கடிதம் எழுதி, பதினேழாம் இலக்கம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். மற்றச் சாமான்கள் வந்தன. குளிர்சாதனப் பெட்டி வரவேயில்லை.

நான் கேட்ட ஐந்தில் அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என் தாயின் உயிர் கிடைத்தது. இன்று எந்தப் படிவத்திலும் கையெழுத்திட முன் ஒருமுறை ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டிலும் மறைத்து வைத்த ஒன்று இருக்குமானால், அதை முதலில் ஆண்டவருக்கும் அயலாருக்கும் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் தள்ளமாட்டார். ஆனால் தாமதிக்காதீர்கள். நான் பதினெட்டு நாட்கள் தாமதித்தேன். அம்மா நடக்கும்போதெல்லாம் அந்த நாட்கள் எனக்குத் தெரிகின்றன.