வீட்டுக்காரிக்கு ஒரு வில்

என் மனைவி தினமும் காலை ரயிலில் பெங்களூர் போகிறாள். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மைதானம் கூட்டுகிற வேலை. பிள்ளைகள் வில் பழகும் நேரத்தில் அம்பு பொறுக்கிக் கொடுப்பதும் அவள்தான். ஆறு வருடமாகப் பொறுக்குகிறாள். வில்லைத் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. தொடு என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வாட்டி இஸ்து பாக்கணும்யா."

"இன்னாத்த?"

"வில்லத்தான். நூல இஸ்து வுட்டா டொப்புனு ஒரு சத்தம் வருது. அது என் கையில வரணும்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அவள் கேட்டது கொஞ்சம். நான் கொடுத்தது அதைவிடக் கொஞ்சம். செய்து தருகிறேன் என்றேன். சிரித்தாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

நான் எங்கள் ஊர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவன். பாறை இறங்காமல் மரத்தை முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கம் மூடின பிறகு கதவு, ஜன்னல், கட்டில் என்று பிழைப்பு ஓடுகிறது. வில் செய்ததில்லை.

மரக்கடையில் போய், கோடாலிக்குப் பிடி போடுகிற மரம் வேண்டும் என்றேன். தடசலு என்று கன்னடத்தில் சொல்வார்கள். அடித்தாலும் அதிர்ச்சி தாங்கும், வளைத்தாலும் திரும்பி வரும். பன்னிரண்டு பலகை இருந்தது. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். மரத்தின் ரேகை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை நேராக ஓட வேண்டும். நடுவிலேயே ஓரத்துக்குப் போய்விட்டால் அந்த இடத்தில் உடையும். பதினொன்று ஓரத்துக்குப் போனது.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுக்குத்தான்" என்றேன்.

ஆறடிப் பலகை. சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

போனில் ஒரு வெள்ளைக்காரர் வில் செய்து காட்டுகிறார். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை. கை புரிந்தது. நடுவில் பிடிக்கு இடம் விட வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் நுனி வரை மெலிந்துகொண்டே போக வேண்டும். பலகையின் ஒரு முகத்தைத் தொடக்கூடாது. அது வில்லின் முதுகு. மறு முகத்தில் மட்டும் சீவ வேண்டும். நுனிகளில் நூல் மாட்ட வெட்டு.

நான்கு நாள் இழைத்தேன். அழகாக வந்தது. ஆனால் வளையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் வந்து பார்த்தான். அவன் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். என்னைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் வைத்து இறக்கி ஏற்றினவன். இப்போது சர்ச்சில் பாடுகிறான். வில்லை இரண்டு செங்கல் மேல் வைத்து அதன் மேல் உட்கார்ந்தான். அவன் தொண்ணூறு கிலோ. வில் அசையவில்லை.

"மச்சான், இத்த வச்சி சொரங்கத்துல ஒரு லெவலையே தாங்கலாம்டா. வில்லு செய்றேன்னு சொல்லிட்டு முட்டு செஞ்சி வச்சிகீற."

அவன் சொன்னது சரி. என் கை ஒரு கனத்துக்கு மேல் சீவ மறுத்தது. முட்டு வளைந்தால் மேலே இருப்பது கீழே வரும். வளையாத மரம்தான் நல்ல மரம் என்று பழகின கை.

கையை மீறிச் சீவினேன். பட்டை பட்டையாகச் சீவல் விழுந்தது. பின்வாசல் சுவரில் ஒரு கட்டை அடித்து, வில்லை அதன்மேல் படுக்க வைத்து, நைலான் நூலைக் கட்டிக் கீழே இழுத்தேன். வில் வளைய ஆரம்பித்தது. ஒரு சாண் இறங்கியது. ஒன்றரைச் சாண். அப்போது முனகியது.

சுதாரித்துப் பார்த்தபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பு துணி துவைக்கிற கல் பக்கம் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்கடா ஓட்ற? மேல பாறையா கீது? ஷீட்டு வூடுடா!"

சுரங்கத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். மரம் முனகினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. ஏன் என்று அப்புறம் கேள். அந்தச் சத்தத்துக்கு நின்று பார்த்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மறுபடி இழுத்தேன். மறுபடி முனகியது. மறுபடி தெரு. மூன்றாம் தடவை தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது.

"சத்தந்தானே பிரச்சன?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். "நான் பாட்றேன். உனக்கு ஒன்னும் கேக்காது. நீ இஸ்து பாரு."

கிறிஸ்மஸ் பாட்டை அடித் தொண்டையில் எடுத்தான். அது ஆடி மாதம். நான் இழுத்தேன். முதல் சரணம் முடிய ஒன்றரைச் சாண் வந்தது. நம்பிக்கை வந்தது. அடுத்த சரணத்துக்கு அவன் மூச்சு வாங்கினான். அந்த இடைவெளியில் முனகியது. நான் வாசலைத் தாண்டியிருந்தேன்.

ராத்திரி ரயிலில் வந்தவளிடம் சொன்னேன். "வேணாம். மரம் பேசுது. உடஞ்சா உன் மூஞ்சில அடிக்கும்."

"முழுசா இஸ்து பாத்தியா?"

"பாதி."

"பாதியில வுட்டுட்டு உடையும்ன்ற. உடஞ்சா உடையட்டும். ஞாயித்துக்கெழம நான் கூட நிக்கறேன். நீ இஸ்து பாரு."

எனக்குச் சங்கடமாக இருந்தது. நானே கடைசி வரை இழுத்துப் பார்க்காத வில்லை அவள் கையில் கொடுக்க முடியாது. கடைசி வரை இழுக்கவும் என்னால் முடியவில்லை. அடுப்பில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. இடது கையால் என் சட்டையின் பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு?"

"நீ ஓடக்கூடாதுல்ல."

இழுத்தேன். முனகியது. என் கால் திரும்பிவிட்டது. சட்டையில் இரண்டு பட்டன் தெறித்தது. அவள் விடவில்லை.

"இரு. இன்னொரு வாட்டி. மெதுவா."

மறுபடி இழுத்தேன். அவள் வலது கை விரலை வில்லின் நுனியில், நூல் மாட்டியிருக்கிற வெட்டில் வைத்தாள். முனகியது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது. அவள் விரலை நகர்த்தி வில்லின் வயிற்றில், நான் சீவின முகத்தில், வைத்தாள். பிறகு மறுபடி நுனியில்.

"யோவ். மரம் ஒன்னும் பேசல. நூலுதான் இந்த வெட்டுல ஒராசிகினு கத்துது."

உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். இரண்டு வெட்டிலும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தாள்.

இழுத்தேன். சத்தம் இல்லை. இரண்டு சாண். சத்தம் இல்லை. மூன்று சாண். வில் பிறை நிலா மாதிரி வளைந்து சும்மா இருந்தது.

மரத்தின் சத்தம் எது, வேறு சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் நின்று கேட்டதே இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே ஓடியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, கேஜு கிறீச்சுன்னா போதும், இவன் பெல்லடிச்சி நிறுத்துவான். அப்ப எண்ண டப்பாவோட நீ வந்திருந்தா நானும் சீக்கிரம் வூட்டுக்குப் போயிருப்பேன்."

இடது பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். இரண்டு பக்கமும் ஒன்றாக வளைந்ததும் நிறுத்தினேன். உப்புத்தாள் போட்டேன். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றினேன்.

சாயங்காலம், தங்கம் எடுத்த பிறகு மிஞ்சின மண்ணைக் கொட்டி வைத்த சைனைடு மேட்டுப் பக்கம் போனோம். மூங்கிலில் நான்கு அம்பு செய்திருந்தேன். சாக்கில் வைக்கோல் அடைத்து மேட்டில் சாய்த்தோம். முதலில் நான் இருபது தடவை முழுக்க இழுத்துப் பார்த்தேன். வில் அப்படியே இருந்தது. அவளிடம் கொடுத்தேன்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு வருடம் பார்த்திருக்கிறாள். சேலையை இடுப்பில் செருகினாள். பக்கவாட்டில் நின்றாள். தோள் இறங்கி, முழங்கை ஏறி, நூல் தாடைக்கு வந்தது. விட்டாள்.

டொப்.

அம்பு சாக்குக்கு மேலே எங்கோ போனது. அதை அவள் பார்க்கவே இல்லை. வில்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஐம்பது வயதுப் பொம்பளை, நின்ற இடத்தில் இரண்டு குதி குதித்தாள்.

"வந்துச்சிய்யா! சத்தம் வந்துச்சி!"

மூன்றாவது அம்பு சாக்கில் நின்றது. கூடவே வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரன் கையை நீட்டினான். "எனக்கு ஒன்னு குடு தங்கச்சி."

"கியூல நில்லுண்ணா" என்றாள். இருட்டும் வரை அவன் கியூவில்தான் நின்றான்.

அவளுடைய இடது முன்கையில் நூல் பட்டுப் பட்டுச் சிவந்து வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். மறுநாள் காலை அந்தக் கையோடு ரயில் ஏறினாள். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ரயில்ல கூட வர்றவளுங்க எல்லாம் சுத்திகினாளுங்க. வூட்டுக்காரன் அடிச்சானாடி, சொல்லு, நாங்க வந்து கேக்கறோம்னு ஒரே சண்ட. அவரு அடிக்கல, அவரு செஞ்ச வில்லு அடிச்சிதுன்னேன். ஒருத்தியும் நம்பல."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம வராளுங்க. உன்ன விசாரிக்க."

வந்தார்கள். ஏழு பேர். பெங்களூரில் வீடு கூட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயா, கார்மெண்ட்ஸில் தைக்கிறவள். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் வில்லை எடுத்து முன்னால் இருந்தவளிடம் கொடுத்தேன். எல்லோரும் எதிரே தெரிகிற மேட்டுக்குப் போனார்கள். முன்கையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி என் மனைவி ஒவ்வொருத்தியையும் நிற்க வைத்துக் கொடுப்பதை வாசலிலிருந்தே பார்த்தேன். டொப் என்று ஒன்று, கூச்சல். டொப் என்று இன்னொன்று, அதைவிடக் கூச்சல்.

இரண்டு மணி ஆயிற்று. ஒருத்தியும் திரும்பவில்லை. ஒன்பது பேருக்கு நானே உலை வைத்தேன்.